தகடூர்ப் போரில் வில்லன் இல்லை

புராணங்களையும் பழங்கதைகளையும் படமாக்கும் தமிழ்த் திரைப்பட இயக்குநர்கள், கதாசிரியர்கள், தயாரிப்பாளர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

உங்களில் யாரோ ஒருவர் என்றாவது ஒருநாள் அதியமான் நெடுமான் அஞ்சியின் கதையைப் படமாக்கத்தான் போகிறீர்கள். இதிகாசம், புராணம், பழங்கதை என்று பெரும்பணம் போட்டுப் படங்கள் எடுக்கப்படும் காலம் இது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன், கோட்டையை இழந்து களத்தில் விழுந்தவன் என்று இத்தனையும் ஒருவனிடம் சேர்ந்திருக்கும்போது சினிமா அவனை விட்டுவைக்காது. விட்டுவைக்கக் கூடாது என்பதுதான் என் விருப்பமும். சங்கப் பாட்டில் தகடூர் என்று வரும் ஊர்தான் இன்றைய தருமபுரி. அந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவன் நான். புறநானூற்றுப் பாட்டு ஒன்றை வகுப்பில் சொல்லி முடித்தால் பிள்ளைகள் முதலில் கேட்பது, இதைப் படமாக எடுத்திருக்கிறார்களா என்றுதான். அவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல படம் வேண்டும்.

அந்தப் படத்துக்காக உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். அவனைத் தகடூர்ப் போரில் வென்ற சேரமானை வில்லன் ஆக்கிவிடாதீர்கள்.

இந்த அச்சம் எனக்குக் காரணம் இல்லாமல் வரவில்லை. பழங்கதையை எடுத்து வரும் படங்களில் எதிரிக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவனுக்குக் கறுப்பு உடை போட்டுவிடுகிறார்கள். அவன் அரண்மனை மட்டும் இருட்டாக இருக்கிறது. அவன் பின்னால் வருகிற படைக்கு முகமே இல்லை. பெண்களை இழுத்துவருகிறான், குழந்தைகளைக் கொல்கிறான், காரணம் இல்லாமல் சிரிக்கிறான். நாயகனை உயர்த்துவதற்கு இது ஒன்றுதான் வழி என்று எங்கோ முடிவு செய்துவிட்டீர்கள் போலத் தோன்றுகிறது. நம் பழைய கவிகள் அப்படி முடிவு செய்யவில்லை. தகடூர்ப் போரின் கதை முழுவதும் அதற்குச் சாட்சி.

தகடூரை வீழ்த்தியவன் பெருஞ்சேரல் இரும்பொறை. 'தகடூர் எறிந்த' என்ற அடைமொழியோடுதான் இலக்கியம் அவனைச் சொல்கிறது. எங்கள் ஊரை அழித்ததே அவன் பெயராக நின்றுவிட்டது. அவன் யார் என்று புறநானூற்றின் 50ஆம் பாட்டைப் பாருங்கள். மோசிகீரனார் என்ற புலவர் களைத்துப்போய் அவன் அரண்மனைக்கு வருகிறார். முரசை நீராட்ட எடுத்துப்போயிருக்கிறார்கள். முரசுக்கு உரிய கட்டில் காலியாக, பூப்பரப்பி மெத்தென்று இருக்கிறது. அது முரசுக் கட்டில் என்று தெரியாமல் ஏறிப் படுத்து உறங்கிவிடுகிறார். முரசு அரசனுக்கும் மேலான பொருள். அதன் கட்டிலில் ஏறியவனை வாளால் இரண்டாக வெட்டுவது முறை. அரசன் வந்து பார்க்கிறான். வெட்ட வேண்டிய கையில் விசிறியை எடுத்து, புலவர் விழிக்கும்வரை வீசிக்கொண்டு நிற்கிறான்.

கிடைத்தற்கரிய கனியைத் தான் உண்ணாமல் கவிக்குக் கொடுத்தவன் ஒருவன். உறங்கும் கவிக்கு விசிறி வீசியவன் மற்றொருவன். இந்த இருவரும் மோதினார்கள். எங்கள் ஊர்க் கதையின் துயரம் இதில்தான் இருக்கிறது. இருவரில் ஒருவனைக் கொடியவன் ஆக்கினால் துயரம் போய்விடும்; மிஞ்சுவது ஒரு சண்டைப் படம். சண்டைப் படத்துக்குத் தகடூர் வரை வர வேண்டியதில்லை.

எங்கள் அதியமானும் குற்றமே அறியாதவன் இல்லை. மலையமான் திருமுடிக்காரியின் கோவலூரைத் தாக்கி அழித்தவன் அவன். அந்த வெற்றியை ஔவையே 99ஆம் பாட்டில் பாடுகிறார். பரணரும் பாடினார் என்று அதே பாட்டு சொல்கிறது. 100ஆம் பாட்டில் இன்னொரு காட்சி வருகிறது. போர்க்களத்திலிருந்து திரும்பியவன் புதிதாகப் பிறந்த தன் மகனை முதன்முதலாகப் பார்க்கிறான். காலில் கழல், மார்பில் வியர்வை. பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், தன் சிறுவனைப் பார்த்த பின்னும் சிவப்பு மாறவில்லை. நீங்கள் கேமரா பிடிப்பவர்கள். இதைவிட நெருக்கமான ஒரு முகக்காட்சியை எந்தத் திரைக்கதையாவது உங்களுக்குத் தந்திருக்கிறதா? பெற்ற பிள்ளையைப் பார்க்கும்போதும் சினம் ஆறாத ஒரு தந்தை. நடிக்கத் தெரிந்தவர் ஒருவரும் ஒரு கைக்குழந்தையும் போதும். தன் தலைவனைப் புகழும் பாட்டில்கூட அந்தச் சிவப்பை ஔவை மறைக்கவில்லை. நீங்களும் மறைக்காதீர்கள்.

ஔவையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1953இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தில் கே.பி.சுந்தராம்பாள் அம்மையார் பாடி நடித்த உருவம் மூன்று தலைமுறை மனத்தில் பதிந்துவிட்டது. மணம் முடிக்க மனமில்லாத இளம்பெண், முதுமையைத் தரும்படி பிள்ளையாரிடம் வேண்டிக் கிழவியாகிவிடுவதாக அந்தப் படம் சொன்னது. அந்தக் குரலைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தப் படம் செய்த வேலை பெரியது. ஆனால் அதியமானோடு இருந்த ஔவை வேறு காலத்தவர், வேறு ஆள். 89ஆம் பாட்டில் பகை மன்னன் அவரிடம் பேசும்போது மையுண்ட கண்ணும் ஒளிமிக்க நெற்றியும் உடைய விறலி என்றுதான் அழைக்கிறான். உங்கள் நாட்டில் எங்களோடு பொருவார் இருக்கிறார்களா என்று கேட்கிறான். அடிக்கும் கோலுக்கு அஞ்சாத பாம்பு போன்ற இளைஞர்களும் இருக்கிறார்கள், மன்றத்தில் தொங்கும் முழவில் காற்று மோதி ஒலித்தாலும் போர் வந்துவிட்டது என்று எழும் எங்கள் தலைவனும் இருக்கிறான் என்று முகத்துக்கு நேராகப் பதில் சொல்கிறார். ஊர் ஊராகப் போகும் பெண், அரசர்களோடு கள் அருந்துகிறவர், அரசியல் தெரிந்தவர். கையில் கோல் ஊன்றிய பாட்டியாக அவரை மறுபடியும் கொண்டுவராதீர்கள்.

அதியமானுக்காகத் தொண்டை நாட்டு அரசன் தொண்டைமானிடம் அவர் தூது போன காட்சியை உங்கள் வசனகர்த்தாக்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை பார்த்துவிட்டுச் சொல்கிறார்: இங்கே ஆயுதங்களுக்கு மயிற்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசிக் காவல் மனையில் வைத்திருக்கிறீர்கள், எங்கள் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்திக் கூர் மழுங்கி எப்போதும் கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன. கேட்பவனுக்குப் புகழ்ச்சி போலத் தொடங்கி, போருக்கு வராதே என்ற எச்சரிக்கையாக முடிகிற பேச்சு இது. ஒரு மண்டபமும் இரண்டு நடிகர்களும் இருந்தால் எடுத்துவிடலாம். கொல்லன் கூடத்தையும் காட்ட விரும்பினால் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையை மறக்க வேண்டாம். அங்கே அகழ்ந்தெடுத்தவற்றைக் கொண்டு, கி.மு. 2172 அளவிலேயே இந்த மண்ணில் இரும்பு புழங்கியது என்று 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதியமான் காலத்துக்கு மிக முன்பே உலை எரிந்த நிலம் இது.

அதியமானே வெறும் கட்டுக்கதை என்று யாராவது உங்களிடம் சொன்னால், திருக்கோவலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டைக் காட்டுங்கள். அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்று அவன் பெயர் பாறையில் இருக்கிறது. கதைக்கு அடியில் கல் இருக்கிறது என்று தெரிந்தபின் கதையைக் கையாளும் கைக்கு இன்னும் கொஞ்சம் பொறுப்பு வேண்டும்.

போர் முடிந்தபின் நடந்ததுதான் எனக்கு மிக நெருக்கமான பகுதி. வென்றவன் பக்கத்துக் கவி அரிசில் கிழார். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து முழுவதும் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடியவர் அவர்தான். அதற்காக ஒன்பது நூறாயிரம் காணம் பொன்னோடு அரசு கட்டிலையே சேரன் கொடுக்க, அரசை நீயே ஆள்க என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சுப் பொறுப்பை ஏற்றார் என்று பதிகம் சொல்கிறது. அவ்வளவு நெருக்கமானவர். அந்த அரிசில் கிழாரே, தகடூர்ப் போரில் வீழ்ந்த, அதியமான் குடியைச் சேர்ந்த எழினிக்காக ஒரு கையறுநிலை, அதாவது இரங்கற்பாட்டு, பாடியிருக்கிறார். புறநானூற்றின் 230ஆம் பாட்டு. அவன் காத்த நாட்டில் கன்றோடு கூடிய மாடுகள் காட்டிலேயே அஞ்சாமல் தங்கும். வழிப்போக்கர் நினைத்த இடத்தில் படுத்து உறங்குவர். களத்து நெற்குவியலுக்குக் காவல் வேண்டியதில்லை. அப்படிப்பட்டவனைத் தின்ற கூற்றமே, நீ அறிவில்லாதவன், வறுமையில் விதைநெல்லைத் தின்ற உழவன் ஆகிவிட்டாய் என்று சாவைத் திட்டுகிறார். இவன் உயிரோடு இருந்திருந்தால் பகைவர் பலருடைய உயிரை நீ உண்டிருக்கலாமே என்கிறார்.

தன் அரசன் வென்ற போரில் விழுந்த எதிரிக்காக அழுத கவியைச் சேரன் தண்டித்ததாக எங்கும் இல்லை. வென்ற பக்கத்தில் அழுகை அனுமதிக்கப்பட்டிருந்தது. உங்கள் படங்களில் நாயகன் வென்ற பிறகு எதிரியின் உடலைப் பார்த்து யாராவது அழுகிறார்களா? கூச்சலும் கொடியும் பின்னணி இசையும்தான் வருகின்றன.

ஔவையின் பாட்டுக்கு வருகிறேன். கனியை உண்டவர் இருக்கிறார், கொடுத்தவன் போய்விட்டான். 235ஆம் பாட்டில் அதியமான் மார்பில் பாய்ந்த வேலை அவர் பின்தொடர்கிறார். அந்த வேல் பாணர்களின் உண்கலத்தைத் துளைக்கிறது. இரப்பவர் கைகளைத் துளைத்துப் போகிறது. அவன் காத்த சுற்றத்தாரின் கண்மணி ஒளி மங்குகிறது. கடைசியில் நுட்பமான சொல் தேரும் புலவர்களின் நாவில் போய் விழுகிறது. ஒரே வேல். ஒரு மனிதனின் சாவு எத்தனை பேர் உடம்பில் படுகிறது என்பதை இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு பெண் காட்சியாகவே எழுதி வைத்திருக்கிறார். கணினி வரைகலைக்கு நீங்கள் செலவிடும் பணத்தை இந்த ஒரு வேலுக்குச் செலவிடுங்கள். மனதார வாழ்த்துவேன்.

பெருங்கூட்டமாகச் சாகடிக்கும் காட்சிகளைப் பற்றியும் என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். கணினி வந்த பிறகு உங்கள் போர்க்களங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் விழுகிறார்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை. நீங்கள் படம்பிடிக்க வரும் எங்கள் மண்ணில் அப்படி இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் வயல் நடுவிலும் நடுகற்கள் நிற்கின்றன. மாடு பிடிக்க வந்தவர்களோடு பொருது விழுந்த ஒருவனுக்கு, ஊர் ஒரு கல்லை நட்டு, வில்லோ வாளோ ஏந்திய அவன் உருவைச் செதுக்கி, எந்த அரசன் ஆட்சியில், எந்த ஊரில், யார் மகன், எதற்காகப் பட்டான் என்று எழுதியது. தொறு என்றால் மாட்டு மந்தை; தொறு மீட்டுப் பட்டவனுக்கும் கல் உண்டு. தொறு கொள்ளப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், கள்ளர் இருவரைக் கடித்துத் தலைவனுக்குக் காவலாக நின்ற நாய்க்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள். கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். அந்தக் கற்களில் பலவற்றை எங்கள் மக்கள் வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் பல நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வரும்போது அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அதியமானுக்கும் கல் நட்டார்கள் என்பது 232ஆம் பாட்டால் தெரிகிறது. உயர்ந்த மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், இப்போது நடுகல்லாகி, சிறு கலத்தில் ஊற்றும் கள்ளை ஏற்பானோ என்று ஔவை கேட்கிறார்.

உங்கள் படத்தில் விழுகிறவர்களில் ஒரு பத்துப் பேருக்காவது பெயர் வையுங்கள். இரு பக்கத்திலும் வையுங்கள்.

எதிரிக்கு உயரம் கொடுத்தால் கதை நீர்த்துவிடும், மக்கள் குழம்பிவிடுவார்கள் என்று நீங்கள் நினைக்கக்கூடும். எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தை ஒருமுறை முழுவதும் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடக்கும். கதை எல்லாருக்கும் தெரியும். கர்ணன் சாவான் என்று தெரியும், துரியோதனன் தொடை முறியும் என்று தெரியும். தெரிந்தும் விடியும்வரை ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள்? தர்க்கத்துக்காக. கர்ண மோட்சத்தில் போருக்குப் புறப்படும் கர்ணனிடம், நீ தேரோட்டி மகன் என்று அவன் மனைவி பொன்னுருவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவன் பேசுகிறான், அவள் பேசுகிறாள், பின்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுகிறார், கட்டியங்காரன் நடுவில் புகுந்து சபையையே கேள்வி கேட்கிறான். இருவர் பக்கமும் நியாயம் தெரிகிறது. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறது. அது வீரவாளைத் தூக்கிக் காட்டும் காட்சி இல்லை. ஒரு கணவனும் மனைவியும் பிறப்பைப் பற்றிப் பேசும் காட்சி.

துரியோதனன் வேஷத்தைப் பாருங்கள். பெரிய கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் பாடிக்கொண்டு வெளிவரும் கம்பீரம். தர்மருக்கு உள்ள அலங்காரத்தில் இம்மியும் குறையாது. பதினெட்டாம் போரன்று படுகளத்தில் அவனை மண்ணால் மிகப்பெரிய உருவமாகப் படுக்க வைக்கிறார்கள். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிக்கிறார். திரௌபதி கூந்தல் முடிகிறாள். பிறகு காந்தாரி வந்து மகனுக்காக ஒப்பாரி வைக்கிறாள். அம்மனுக்காக விரதம் இருந்த பெண்களே அந்த ஒப்பாரிக்குக் கண் கலங்குகிறார்கள். முடிந்ததும் அந்த உருவத்து மண்ணை எடுத்துப்போய் வீட்டிலும் களத்திலும் வைத்துக்கொள்கிறார்கள், விளைச்சல் பெருகும் என்று. தோற்றவனின் உடம்பு மண் வளம் தரும் என்று நம்புகிற மக்கள் இவர்கள். இவர்களுக்கு எதிரியின் பெருமை புரியாது என்று எந்தத் துணிவில் சொல்வீர்கள்?

உங்கள் சினிமாவும் இதை அறிந்ததுதான். தொப்பூர்க் கணவாயைத் தாண்டினால் சேலம். அங்கே மாடர்ன் தியேட்டர்ஸ் 1937இல் எடுத்த முதல் படமே அகலிகை கதைதான். தமிழ்ப் பேசும்படம் புராணத்தின் மடியில் வளர்ந்தது, கூத்து மேடையிலிருந்தும் நாடக மேடையிலிருந்தும் ஆட்களையும் பாட்டுகளையும் எடுத்துக்கொண்டது. பி.ஆர்.பந்துலுவின் 'கர்ணன்' 1964இல் வந்தது. துரியோதனனின் நட்பு அதில் குறைக்கப்படவில்லை. தோற்ற பக்கத்தில் நின்றவன்தான் படத்தின் நாயகன். 2012இல் அதைப் புதுப்பித்து மீண்டும் திரையிட்டபோது, பிறக்கும் முன்பே வந்த படத்தைப் பார்க்க இளைஞர்கள் டிக்கெட் வாங்கி வந்தார்கள். 1965இல் வந்த 'திருவிளையாட'லில் மக்கள் இன்றும் வரி மாறாமல் சொல்வது எதை? சிவனுக்கும் நக்கீரருக்கும் நடக்கும் வாக்குவாதத்தை. நக்கீரராக இயக்குநர் ஏ.பி.நாகராஜனே நடித்தார். கடவுளும் தாழவில்லை, எதிர்த்து நின்ற புலவரும் தாழவில்லை. தர்க்கம் உயரமாக இருந்தது.

எனவே வேண்டுவது புதிதல்ல. உங்கள் முன்னோர்கள் செய்ததுதான், எங்கள் கூத்து வாத்தியார்கள் இன்னும் செய்துகொண்டிருப்பதுதான்.

வாத்தியார்கள் என்று சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். கூத்துக் கலைஞர்களை உங்கள் படங்களில் பார்க்கிறேன். திருவிழாக் காட்சியின் ஓரத்தில், நாயகன் கூட்டத்தில் நடந்து போகும்போது பின்னால் ஒரு கிரீடமும் ஒரு மிருதங்கமும் தெரியும். பாட்டு முடிந்தால் அவர்களும் முடிந்தார்கள். இரவு முழுவதும் சபையை விழித்திருக்கச் செய்யும் தர்க்கத்தை மனத்திலேயே வைத்திருக்கிறவர்களை அலங்காரப் பொருளாக நிறுத்துவது பெரிய வீண். அவர்களைத் திரைக்கதை விவாதத்துக்கு அழையுங்கள். ஔவைக்கும் தொண்டைமானுக்கும் நடக்கும் பேச்சை ஒரு கூத்து வாத்தியாரிடம் கொடுத்து, இதைத் தர்க்கமாக நடத்திக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். வசனகர்த்தாவுக்குத் தரும் ஊதியத்தை அவருக்கும் கொடுங்கள். அவர் பெயரை டைட்டிலில் எல்லாருக்கும் தெரியும் அளவில் போடுங்கள். கூத்து இல்லாத மாதங்களில் கூலி வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பதை இனாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒகேனக்கல்லில் பாட்டு எடுக்க நீங்கள் அடிக்கடி வருகிறீர்கள். வாருங்கள், அருவி எல்லாருக்கும் பொது. மாசியிலிருந்து வைகாசிக்குள் வந்தால் மட்டும் இன்னும் சில நாள் தங்குங்கள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கங்களில் எங்காவது பாரதம் நடந்துகொண்டிருக்கும். கேமராவை வண்டியிலேயே விட்டுவிட்டு, திரைவிருத்தம் தொடங்கும்போதே போய் உட்காருங்கள். படுகளம் வரை இருங்கள். படம் பிடிக்க வேண்டும் என்றால் மறுநாள் வாத்தியாரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுக்கொண்டு பிடிக்கலாம்.

தகடூர்ப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு தனி நூல் இருந்தது. முழுநூல் அழிந்துபோய், புறத்திரட்டு போன்ற தொகுப்புகளில் சில பாடல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அந்தப் பாடல்களையும், மேலே சொன்ன புறப்பாட்டுகள் அனைத்தையும், பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தையும் உரையோடு ஒன்றாகத் தொகுத்து வைத்திருக்கிறேன். உங்களில் யார் இந்தக் கதையைக் கையில் எடுத்தாலும் அதைத் தருகிறேன், உங்கள் எழுத்துக்குழுவோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கவும் வருகிறேன். அதற்கு எனக்கு ஊதியம் வேண்டாம். திரைக்கதையில் அரிசில் கிழாருக்கு ஒரு காட்சி வேண்டும், அவ்வளவுதான்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து ஒரு தமிழாசிரியர்